ஆட்டோபைலட் ஓட்டும்போது உங்கள் வேலை என்ன? வலது இருக்கைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதல் லைன் செக்கில், அதாவது பயணிகளோடு பறக்கும் வழக்கமான பறப்பில் வைக்கும் தேர்வில், நான் தேறவில்லை. விமானத்தை மோசமாக இறக்கியதால் அல்ல. அன்று தரை தொட்டதே தெரியவில்லை. நடந்தது அதற்கு அரை மணி நேரம் முன்னால். 37,000 அடியில் போய்க்கொண்டிருந்த எங்களை 25,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். புதிய உயரத்தை வைத்தேன், விரலால் காட்டினேன், பக்கத்து இருக்கையில் செக் எடுக்க வந்த கேப்டன் ரேடியோவில் பதில் சொன்னார். உயரக் குமிழை இழுத்தால்தான் ஆட்டோபைலட் இறங்கத் தொடங்கும். அதை இழுக்காமலே டேப்லெட்டை எடுத்து, ஓடுபாதை நீளம் போதுமா என்ற கணக்கைப் போட உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து கேப்டன் மெதுவாகக் கேட்டார்: "நாம் இறங்குகிறோமா?"

நிமிர்ந்து பார்த்தேன். 37,000 அடி.

நான் செல்போன் பார்க்கவில்லை, அரட்டை அடிக்கவில்லை. செய்துகொண்டிருந்ததும் விமானத்தின் வேலைதான். புதியவர்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான். காக்பிட்டில் கவனத்தைக் கலைப்பவை பெரும்பாலும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் வரும். அந்த ஒரு கணக்கு எனக்கு நான்கு கூடுதல் பயிற்சிப் பறப்புகளையும், மறு தேர்வுக்கு ஆறு வாரக் காத்திருப்பையும், அதுவரை பறப்புப்படி இல்லாத சம்பளத்தையும் தந்தது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) முடித்து, இருவர் ஓட்டும் ஜெட்டின் வலது இருக்கையில், அதாவது துணை விமானியாக, லைன் டிரெயினிங் (பயணிகளோடு பறந்தபடி பெறும் பயிற்சி) தொடங்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் காகிதங்கள்

லைன் டிரெயினிங் தொடங்க இரண்டு வாரமாவது இருக்கும்போதே உட்காருங்கள். நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் மேனுவல் நான்கு பகுதியாக இருக்கும்: ஏ பொதுவிதிகள், பி விமானம் சார்ந்தது, சி வழித்தடங்களும் விமான நிலையங்களும், டி பயிற்சி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. இந்த விஷயத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

பகுதி ஏ-யில் சொந்த செல்போன், டேப்லெட் பற்றிய விதி, ஸ்டெரைல் காக்பிட் விதி (சில நேரங்களில் தேவையற்ற பேச்சுக்குத் தடை; அடுத்த பகுதியில் வருகிறது), சாப்பாடு எப்போது, இருக்கையிலேயே ஓய்வெடுக்க அனுமதி உண்டா, ரேடியோவில் எந்த அலைவரிசைகளைக் கேட்க வேண்டும் என்பவை. பகுதி பி-யில் ஓட்டுபவர் வேலை என்ன, கண்காணிப்பவர் வேலை என்ன என்ற பிரிவு. ஓட்டுபவரை பி.எஃப். என்றும் கண்காணிப்பவரை பி.எம். என்றும் சொல்வார்கள்; இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

பகுதி டி-யைப் புதியவர்கள் திறப்பதே இல்லை. நானும் திறக்கவில்லை. தேறாவிட்டால் எத்தனை கூடுதல் பறப்பு, எத்தனை வாய்ப்பு, யார் முடிவெடுப்பார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கூடுதல் சிமுலேட்டர் நேரத்துக்கு யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. எங்குமே இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னவர், தேவைப்படும் நாளில் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்.

கூடவே ஒரு துண்டுத்தாளில் நான்கு தேதிகள்: லைசென்ஸ், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் திறன் சான்று, சிமுலேட்டர் தகுதித் தேர்வு. 40 வயதுக்குக் கீழே இருந்தால் மருத்துவச் சான்று பொதுவாக 12 மாதம். ஆங்கிலம் நான்காம் நிலையென்றால் பல நாடுகளில் 3 ஆண்டு, ஐரோப்பாவில் 4. மறு தேர்வுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் இவற்றில் ஒன்று காலாவதியானால் காத்திருப்பு இரட்டிப்பாகும்.

2. 10,000 அடிக்குக் கீழே வாயை மூடுங்கள்

இதில் அதிகம் விளக்க ஒன்றுமில்லை. டாக்ஸி, டேக்ஆஃப், லேண்டிங், 10,000 அடிக்குக் கீழே ஏறுவதும் இறங்குவதும்: இந்த நேரங்களில் பறப்புக்குத் தேவையில்லாத பேச்சு, சாப்பாடு, படிவம் எதுவும் கூடாது. அமெரிக்காவில் 1981 முதல் சட்டம். மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்காவில் 2014 முதல் பெரிய விமான நிறுவனங்களின் விமானிகள் காக்பிட்டில் சொந்தத் தேவைக்கு செல்போன், லேப்டாப் பயன்படுத்தவே கூடாது. அந்தத் தடைக்கு உயரக் கணக்கெல்லாம் இல்லை.

பொறி எங்கே என்றால், கேப்டன் பேச ஆரம்பிக்கும்போது. மூத்தவர் கதை சொல்கிறார், டாக்ஸிவேயில் இருக்கிறோம், நீங்கள் புதியவர். எப்படித் தடுப்பது? எனக்குக் கைகொடுத்த வழி: அவர் பேச்சை வெட்டாமல், விமானத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வேன். "கேப்டன், அடுத்தது இடது திருப்பம்." பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். போதாதவரிடம், "மேலே போன பிறகு முழுசாக் கேட்கிறேன் கேப்டன்" என்பேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

3. மோடை வாயால் படியுங்கள்

நான் தவறியது இங்கேதான், எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குமிழும் பொத்தானும் நீங்கள் கேட்டதைத்தான் காட்டும். ஆட்டோபைலட் எதை ஏற்றுக்கொண்டது, அதாவது எந்த மோடில் (இறங்குவது, உயரத்தைப் பிடிப்பது போன்ற வேலை முறை) இருக்கிறது என்பது உங்கள் முன்னால் இருக்கும் முதன்மைத் திரையின் மேல்விளிம்பில் இருக்கும் எஃப்.எம்.ஏ. வரிசையில்தான் தெரியும். மோட் மாறினால் புதிய மோடைச் சுற்றி ஒரு கட்டம் 10 விநாடி தெரிந்துவிட்டு மறைந்துவிடும். அந்த 10 விநாடி நீங்கள் குனிந்திருந்தால், மாற்றம் நடந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று படி. வைத்தேன். எஃப்.எம்.ஏ.வில் என்ன வந்தது என்று வாயால் படித்தேன். விமானம் அதைச் செய்கிறதா என்று பார்த்தேன். மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள். மூக்கு தாழ்கிறதா, ஏற்ற இறக்க வேகக் காட்டி அசைகிறதா, எஞ்சின் சத்தம் குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் கண்ணை எடுக்கலாம். மொத்தமே ஆறேழு விநாடி. உயரத்தையும் குமிழ் அருகே உள்ள எண் சாளரத்தில் படிக்காமல் முதன்மைத் திரையில் படியுங்கள்.

மனதுக்குள் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மனதுக்குள் படிப்பவன் எதிர்பார்ப்பதைத்தான் படிப்பான். "இறங்கு மோட்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமென்றால் கண் அந்த எழுத்தைத் தேடியாக வேண்டும். இல்லாததைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பிடிப்பார்.

2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்ஹோல் நிலையத்தை நெருங்கிய டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951 விமானத்தில், பழுதான ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரையைத் தொடப்போகிறோம் என்று நினைத்த ஆட்டோதிராட்டில் (எஞ்சின் விசையைத் தானாக மாற்றும் அமைப்பு) விசையைக் குறைத்துவிட்டது. அந்த மோட் திரையில் எழுதித்தான் இருந்தது. காக்பிட்டில் மூன்று விமானிகள். தாமதமாகிப்போன லேண்டிங் செக்லிஸ்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஆசியானா 214: ஆட்டோதிராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஆனால் அது வேகத்தைக் காக்காத ஹோல்டு மோடில் இருந்தது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 நாட் வரை இறங்கியது. 3 பேர் இறந்தார்கள்.

இரண்டிலும் கருவி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

4. தலை குனியும் முன் ஒப்படையுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு தலைதான் கீழே இருக்கலாம். நீங்கள் பி.எஃப். என்றால் டேப்லெட்டைத் தொடும் முன் கன்ட்ரோலை ஒப்படையுங்கள். அவர் "என்னிடம்" என்று சொன்ன பிறகுதான் குனிய வேண்டும். ஆட்டோபைலட் போட்டிருக்கிறதே, இதற்குப் போய் ஒப்படைப்பா என்று கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் என்னை ஆறு வாரம் உட்கார வைத்தது. நீங்கள் பி.எம். என்றால் ஒப்படைக்கக் கன்ட்ரோல் கையில் இல்லை. ஆனால் "ஒரு நிமிடம் தலை கீழே" என்று சொல்லுங்கள். அவர் தானும் குனியக் கூடாது என்று தெரிந்துகொள்வார்.

எப்போது குனியலாம், எப்போது கூடாது என்பதற்கு என் கணக்கு இது. சமமாகப் பறக்கிறது, திருப்பம் எதுவும் அருகில் இல்லை, ரேடியோ அமைதி: குனியலாம். ஏறுகிறது அல்லது இறங்குகிறது: முடிந்தால் தவிர்க்கவும். வைத்த உயரத்துக்கு இன்னும் 1,000 அடி என்ற குரல் வந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. விமானம் அந்த உயரத்தில் சமமாகும் வரை இரண்டு பேர் கண்ணும் உயரமானியில்தான்.

டேப்லெட் வேலை ஒன்றை நிமிடக் கணக்காகப் பாருங்கள். "இதோ முடிந்தது" என்று தோன்றும் வேலைகள்தான் நீளும். நான் எனக்கு ஒரு நிமிடம் வைத்திருக்கிறேன். முடியவில்லையென்றால் அப்படியே விட்டு நிமிர்ந்து, எஃப்.எம்.ஏ., உயரம், வேகம், பாதை பார்த்துவிட்டு மறுபடி.

லேண்டிங் கணக்கை இறங்கும்போது போடவே கூடாது. 37,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 110 முதல் 120 கடல் மைல் வேண்டும். இறங்கத் தொடங்கும் இடத்துக்கு அரை மணி நேரம் முன்பே வானிலைத் தகவலை எடுங்கள், கணக்கைப் போடுங்கள், 10 நிமிடம் முன்பு பிரீஃபிங் முடிந்திருக்கட்டும். ஓடுபாதை கடைசியில் மாறும் என்று தோன்றினால் இரண்டு ஓடுபாதைக்கும் சேர்த்தே போட்டு வையுங்கள்.

பழுது விளக்கு எரிந்தாலும் இதே விதிதான். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரத்துக்கான ஒரு சின்ன விளக்கு எரியவில்லை. ஆட்டோபைலட்டை 2,000 அடியில் வைத்துவிட்டுக் காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கில் இறங்கிவிட்டார்கள். ஸ்டியரிங்கில் ஏதோ லேசாகப் பட்டு, உயரத்தைப் பிடித்து வைக்கும் மோட் விடுபட்டது. எச்சரிக்கை மணி அடித்தது, யாருக்கும் கேட்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். எதையாவது சரிசெய்யப் போகும் முன் "யார் ஓட்டுகிறார்?" என்ற கேள்விக்கு வாய்விட்டுப் பதில் வர வேண்டும்.

5. குரூஸில் கடிகாரத்தை வேலைக்கு வையுங்கள்

குரூஸ் என்றால் ஏறி முடித்துச் சமமாகப் பறக்கும் கட்டம்; சாப்பாடு வந்து, வெயில் கண்ணில் அடிக்கத் தொடங்கும் நேரம். இங்கே உறுதியெல்லாம் எடுபடாது. "இன்று கவனமாக இருப்பேன்" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் தாங்கும். சும்மா சொல்லவில்லை, நார்மன் மாக்வொர்த் என்ற ஆய்வாளர் 1948-இலேயே கடிகார முள் சோதனையில் காட்டியது இது. எப்போதாவது மட்டும் நடக்கும் மாற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னால், முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிடத் தொடங்கிவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை, மூளை அப்படி.

எனவே பார்ப்பதை ஒரு வேலையாக, கை நகரும்படி மாற்ற வேண்டும். நான் செய்வது:

ஒவ்வொரு வழிப்புள்ளியைத் தாண்டும்போதும் ஃப்ளைட் பிளானில் நேரத்தையும் எரிபொருளையும் எழுதுவேன். அடுத்த புள்ளிக்கான திசையும் தூரமும் தாளில் உள்ளதும் கணினியில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்பேன். எரிபொருளை இரண்டு விதமாகப் பாருங்கள்: திட்டத்தில் இருக்க வேண்டியதோடு ஒப்பிடுவது ஒன்று; எரிந்ததையும் மிச்சத்தையும் கூட்டினால் கிளம்பும்போது இருந்த அளவு வருகிறதா என்பது இன்னொன்று. கசிவைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவதுதான். பெருங்கடலுக்கு மேல் என்றால் புள்ளியைத் தாண்டிப் பத்து நிமிடம் கழித்து, போகிற பாதை சரிதானா என்று வரைபடத்தில் ஒரு முறை.

மணிக்கு ஒரு தரம் உயரமானிகள். 29,000 முதல் 41,000 அடி வரை மேலும் கீழும் வரும் விமானங்களுக்கு நடுவே 1,000 அடிதான் இடைவெளி. இரண்டு முதன்மை உயரமானிகளுக்கும் 200 அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அப்புறம், அரை மணிக்கு ஒரு தரம் "இப்போது ஒரு எஞ்சின் நின்றால் எங்கே போவோம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். இது பரீட்சையாகவும் இருக்கும், பேச்சாகவும் இருக்கும். நல்ல கேப்டன்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்.

ரேடியோவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். இரண்டாவது ரேடியோ அவசர அலைவரிசையான 121.5-இல் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடமாக உங்கள் அழைப்புப் பெயர் காதில் விழவில்லை என்றால் ரேடியோ செக் கேளுங்கள். அசடு வழிவோமோ என்று தோன்றினாலும் கேளுங்கள். அலைவரிசை மாற்றச் சொன்னது காதில் விழாமல் போயிருந்தால் முதலில் பழைய அலைவரிசைக்குத் திரும்புங்கள், பிறகு 121.5, பிறகு அருகில் பறக்கும் விமானம் வழியாக, அல்லது நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பி. எதுவுமே எடுபடாவிட்டால், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600, அதாவது ரேடியோ தொடர்பு போய்விட்டது என்ற குறியீடு.

2009 அக்டோபர் 21 அன்று சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் 188 விமானத்தின் இரண்டு விமானிகளும் புதிய பணி அட்டவணை முறையைப் பற்றி லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ரேடியோ தொடர்பே இல்லை. சேர வேண்டிய ஊரைத் தாண்டி 100 மைலுக்கு மேல் போன பிறகு, விமானப் பணிப்பெண் எப்போது இறங்குவோம் என்று இன்டர்காமில் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டார்கள். பேசியது வேலை விஷயம்தான், கவனியுங்கள். இரண்டு பேருடைய லைசென்ஸும் போயிற்று.

பேசவே கூடாதா? கண்டிப்பாகப் பேசுங்கள். நான்கு மணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருப்பவர்கள் பேசுபவர்களைவிடச் சீக்கிரம் மந்தமாகிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணைக் கேட்காத பேச்சாக இருக்க வேண்டும். படம் காட்டி, திரை காட்டி விளக்க வேண்டிய விஷயத்தை ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கண் சொருகினால்

முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு சமாளிப்பதுதான் மிகப் பெரிய தவறு. பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்துகொண்டிருக்கலாம்.

இருக்கையிலேயே சிறு ஓய்வு எடுப்பதைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன, அமெரிக்கா அனுமதிப்பதில்லை. உங்கள் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான். அனுமதி உண்டென்றால் நேரக்கணக்கு முக்கியம். 1994-இல் வெளியான நாசா ஆய்வில் நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அதற்குப் பிறகு விழிப்பு நன்றாக இருந்தது. அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்ததும் தலை பாரமாக இருக்கும். எழுந்த பிறகு 20 நிமிடம் எந்த வேலையும் ஏற்காதீர்கள். இறக்கம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் ஓய்வு எண்ணமே வேண்டாம், கணக்குக் கட்டிவராது.

பலர் மறப்பது: ஓய்வு தொடங்கும் முன் கேபின் குழுவிடம் சொல்லி, குறித்த நேரத்துக்கு இன்டர்காமில் கூப்பிடச் சொல்ல வேண்டும். விழித்திருப்பவரும் தூங்கிவிட்டால் காப்பாற்றுவது அந்த அழைப்புதான்.

7. திடீரென்று கைக்கு வந்தால்

ஆட்டோபைலட் விடுபட்டால் பெரும்பாலும் ஏதோ பிரச்சினை நடக்கும் நேரத்தில்தான் விடுபடும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் ஏர்பிரான்ஸ் 447-இல் வேகமானிக் குழாய்களில் பனி அடைத்து, ஆட்டோபைலட் தானாக விலகியது. நான்கரை நிமிடத்துக்குள் விமானம் கடலில். 228 பேர்.

உங்கள் விமானத்துக்கு, குரூஸ் உயரத்தில், வேகம் தெரியாதபோது வைக்க வேண்டிய மூக்குச் சாய்வும் எஞ்சின் விசையும் இரண்டு எண்கள். பகுதி பி-யில் இருக்கும். அவற்றை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். நிறுவனம் அனுமதித்தால், தெளிவான வானம், நெரிசல் இல்லாத நேரம் பார்த்து "கையால் ஓட்டட்டுமா கேப்டன்?" என்று கேளுங்கள். நெரிசலான இடத்தில் கேட்காதீர்கள்; பி.எம்.க்கு வேலை இரட்டிப்பாகும். மாதம் இரண்டு மூன்று முறை கிடைத்தாலே கைக்குப் பழக்கம் விடாது.

8. செக் நாளும், தவறிய பிறகும்

செக் எடுப்பவர் உங்கள் லேண்டிங்கைவிட உங்கள் கண்ணைத்தான் பார்க்கிறார். எங்கே போகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்று. முந்தின இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம்; தூங்குங்கள். செல்போனைப் பையில் போடாதீர்கள், அணைத்துவிட்டுப் பையில் போடுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

தவறு நடந்தால் அன்றே எழுதுங்கள். ஐரோப்பாவில் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களுக்கு 72 மணி நேரம்தான் கெடு. அமெரிக்காவில் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை இருக்கிறது. வேண்டுமென்று செய்யாத தவறை 10 நாளுக்குள் எழுதி அனுப்பியவருக்குத் தண்டனையிலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு. உங்கள் நிறுவனத்தின் கெடு பகுதி ஏ-யில் இருக்கும். "கவனக்குறைவு" என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், கையில் என்ன இருந்தது, யார் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். கூடுதல் பயிற்சியை எங்கே தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். என் அறிக்கை முதலில் இரண்டு வரிதான் இருந்தது. பயிற்சிக் கேப்டன் திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஒரு பக்கம். குமிழை இழுக்காதது அதில் கடைசி வரியில்தான் வந்தது. முதல் வரி, பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தும் ஒப்படைக்காமல் நான் டேப்லெட்டை எடுத்த நேரம்.